ஈஸ்டர் வரைக்கும்

5.3.2025, புதன்
திருநீற்றுப் புதன், தவக்காலத் தொடக்கம். பூசை முடிந்து நெற்றிச் சாம்பலோடு அகரத்து முதியோர் இல்லத்துக்குப் போனேன். அம்மா இடுப்பெலும்பு முறிந்து அங்கே படுத்து ஐந்து மாதம். இதயம் தாங்காது என்று ஆபரேஷன் செய்யவில்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது அலறினாள். என்னால் பார்க்க முடியவில்லை.

"ஈஸ்டர் வரைக்கும் இந்த வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடும்மா. அவர் பட்டதுல ஒரு பங்கு" என்றேன். தலையாட்டினாள்.

14.3, வெள்ளி
அம்மா முனகவே இல்லை. ஜெபம் கேட்கப்பட்டது.

27.3
நர்ஸ் நாகஜோதி தினமும் காலையில் கட்டில் கட்டிலாகப் போய், வலி இருக்கிறதா என்று கேட்டு எழுதுகிறாள். அம்மா பெயருக்கு நேரே மூன்று வாரமாக 'இல்லை'. கேட்டால்தான் வலி மாத்திரை. ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது. அரை இட்லிதான். கீழுதட்டில் புண் வேறு. எதனால்?

3.4
குளிப்பாட்டும்போது கூடவே நின்றேன். சத்தமே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போய் — உதட்டில் ரத்தம். கடித்துக்கொண்டிருக்கிறாள். புண் அதனால்தான்.

வீட்டுக்கு வந்து பால் கணக்கு நோட்டைப் பின்பக்கம் திருப்பிக் கோடு போட்டேன். நேரம், என்ன செய்தார்கள், முகம், கை, சாப்பாடு. அம்மா வாயால் சொல்வதற்குக் கட்டம் போடவில்லை.

9.4, புதன்
டாக்டர் வரும் நாள். நோட்டை நீட்டினேன். ஒரு வாரத்தையும் நின்றபடியே படித்தார். "இதை நாங்க எழுதியிருக்கணும்மா" என்றார். இனி கேட்டால் தருவது என்பது இல்லை. தினமும் இரண்டு வேளை, காலை வேளை குளியலுக்கு அரைமணி முன்னால்.

நாகஜோதிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவுக வாயத் தொறந்தாத்தானக்கா தெரியும்? முப்பது கட்டிலு, நாங்க ரெண்டு பேரு." அதுவும் உண்மைதான்.

16.4
கை அதே மாதிரி வெளுக்கிறது. மாத்திரை எங்கே போகிறது?

18.4, பெரிய வெள்ளி
காலையில் நாகஜோதி போன் செய்தாள். அம்மாவின் ஜெபமாலைப் பையில் பதினேழு மாத்திரை. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பியிருக்கிறாள். ஓடினேன்.

"நீதான்டி சொன்ன, ஈஸ்டர் வரைக்கும்னு. உம் பிள்ளைகளுக்காக ஒப்புக்கொடுத்துக்கிட்டு வாரேன். இன்னும் ரெண்டே நாளு."

நான் சொன்னது தப்பும்மா, தப்பும்மா என்று கெஞ்சினேன். வாயை இறுக்கிக்கொண்டாள்.

மாலையில் கோயிலில் சிலுவைப் பாடுகளை வாசித்தார்கள். தாகமாயிருக்கிறது என்று ஆண்டவரே வாய்விட்டுச் சொல்கிறார். வருஷா வருஷம் கேட்டதுதானே? எங்கே போயிருந்தது என் புத்தி?

19.4, சனி
ஈஸ்டருக்கு எடுத்த சேலையை இன்றே கட்டிக்கொண்டு ஏழு மணிக்குப் போனேன்.

"ஈஸ்டர்மா. உயிர்த்துட்டாரு. வாயத் தொற."

"அதுக்குள்ளயா?" என்றாள். சுவரைப் பார்த்தாள். நாகஜோதி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தாள்.

அம்மா விழுங்கினாள். குளிக்கும்போது கை கம்பியைத் தேடவில்லை.

24.4
அதிகாலையில் அம்மா போய்விட்டாள். நோட்டில் கடைசி ஐந்து நாளும் முகம் என்ற கட்டத்தில் 'தூக்கம்' என்றுதான் இருக்கிறது.

2.5, முதல் வெள்ளி
பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். சனிக்கிழமையை ஈஸ்டர் என்று சொன்ன பொய்யைச் சாமியாரிடம் ஒப்புக்கொள்ளத்தான் போனேன். முழங்காலிட்டதும், திருநீற்றுப் புதனன்று அம்மாவிடம் சொன்னதுதான் வாயில் வந்தது.