சிவகாமியின் காகிதத்தில் வந்தவள்

இன்று காலை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்தும் தீய்ந்த வாடை போகவில்லை. மூன்று நாளாக விடாத மழை. பந்தலூர் மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நீ பின்னால் நின்று "இன்னிக்கும் போச்சா புள்ள?" என்று கேட்டது போல இருந்தது. அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துவிடுகிறது. நீ கண்மூடி நாலு மாதம் ஆகிவிட்டது. எழுதினாலாவது இந்தத் தவிப்பு கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

தேயிலை எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் நாம் இரண்டு பேரும் பதினேழு வருஷம் ஆயாவாக இருந்தோம். சிலோனிலிருந்து வந்த நாங்கள் அதைப் பிள்ளைக் காம்பரா என்போம். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த நீ கிரெச் என்பாய். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் கொண்டுவந்து விட்டுப் போகிற குழந்தைகள் இருபது பேராவது இருப்பார்கள். பால் காய்ச்சுவது உன் வேலை. அடுப்பில் பாலை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி ஜெபம் தொடங்குவாய். ஒவ்வொரு குழந்தையின் பேரையும் தனித்தனியாகச் சொல்வாய். பத்தாவது பேர் வருவதற்குள் பால் பொங்கிவிடும்.

உன் ஜெபம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். கடவுளிடம் பேசுகிற மாதிரியே இருக்காது, ஊரில் மரியாதைப்பட்ட பெரியவர் ஒருவரிடம் பேசுகிற மாதிரி இருக்கும். "ஏசப்பா, நம்ம செல்விக்கு நேத்துலருந்து சளிங்க. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்பாய். நான் மூலையில் துணி மடித்துக்கொண்டே சிரிப்பேன். எனக்கு அப்போது எந்தச் சாமியிடமும் கேட்க ஒன்றும் இல்லை. கேட்பதற்கு முதலில் ஓர் ஆள் வேண்டுமே. நான் யார் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் குழந்தைகளின் பேரெல்லாம் முடிந்த பிறகு, "அப்பறம் நம்ம சிவகாமிங்க. அவ மனசுல என்னமோ கெடந்து உறுத்துதுங்க" என்றாய். மடித்த துணியை அப்படியே தரையில் எறிந்தேன்.

"அந்தப் பேரச் சொல்லாத! அது செத்துப்போனவ பேரு!"

இரண்டு குழந்தைகள் பயந்து அழ ஆரம்பித்தன. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். பால் பொங்கிக்கொண்டிருந்தது, நீ அதைக் கவனிக்கவே இல்லை. யார் செத்தது, எப்படிச் செத்தது என்று எதையும் நீ கேட்கவில்லை. "அப்போ உன்ற பேரு என்ன புள்ள?" என்றுதான் கேட்டாய்.

இருபது வருஷமாகச் சொல்லாத வார்த்தை. வாயில் வரவே மாட்டேன் என்றது. "பூங்காவனம்" என்றேன். யாரோ ஒருத்தியின் பேரைச் சொல்வது போலிருந்தது.

அன்று மத்தியானம் குழந்தைகள் தூங்கியதும் எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன். இந்தியாவுக்குப் போக அப்பா மனு எழுதிக் கொடுத்தபோது நான் பிறக்கவே இல்லை. அதில் இருந்தது என் அக்கா சிவகாமியின் பேர். பதில் வருவதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது. அக்கா ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். நான் பிறந்து வளர்ந்து நின்றேன். என்னைச் சேர்க்கச் சொல்லி மறுபடி மனுப் போட்டால் இன்னும் எத்தனை வருஷமோ என்று அப்பா பயந்தார். கப்பலேறும் முன்பு என் தோளைப் பிடித்துச் சொன்னார். "யாரு கேட்டாலும் சிவகாமின்னு சொல்லு. பூங்காவனம்னு ஒருத்தி இல்ல. வெளங்குதா?" எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு விளங்கியது. அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரி என்றார்கள். அதையெல்லாம் எல்லாரோடும் சேர்ந்து சுமந்தேன். என் பேர் போனதை மட்டும் நான் தனியாகச் சுமந்தேன். கல்யாணப் பத்திரிகையிலும், ரேஷன் கார்டிலும், எஸ்டேட்டின் சம்பளப் பதிவேடான செக்ரோலிலும் இருந்தது அக்காதான். என்னைக் கட்டிக்கொண்டவரும் சிவகாமியைத்தான் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை குழந்தைகள் பேர் முடிந்ததும் உன் குரல் இறங்கியது. எனக்கு மட்டும் கேட்கும்படி, "அப்பறம் பூங்காவனமுங்க" என்றாய். அவ்வளவுதான். நான் வெளியே போய் மழைத் தாழ்வாரத்தில் நின்று அழுதேன். அழுகை நின்ற பிறகு கோபம் வந்தது. இத்தனை நாள் இந்தப் பேர் எங்கே போயிருந்தது என்று யாரிடம் கேட்பது?

அதற்கப்புறம்தான் உன்னோடு சர்ச்சுக்கு வர ஆரம்பித்தேன். பின் வரிசையில் கதவோரமாக உட்காருவேன். பாட்டுப் பாடும்போது பாதியில் எழுந்து வெளியே போவேன், மறுபடி வருவேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய். ஒவ்வொருவரையும் ஆண்டவர் அறிந்திருக்கிறார் என்று போதகர் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். அறிந்திருக்கிறார் என்றால் யாரை? காகிதத்தில் இருப்பவளையா, அதன் பின்னால் ஒளிந்திருப்பவளையா?

இரண்டு வருஷம் கழித்து ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். புதுப் பேர்கூட யோசித்து வைத்திருந்தேன், கிரேஸ் என்று. சிவகாமியும் வேண்டாம், பூங்காவனமும் வேண்டாம், புதிதாகத் தொடங்கிவிடலாம் என்று ஆசை. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். உன் முகம் சுருங்கியது.

"இன்னொரு பேருக்குள்ள போயி ஒளிஞ்சுக்கப் பாக்கறயா? வந்தா நீயா வரோணும். இல்லாட்டி இப்ப வராத."

"உனக்கென்ன, பொறந்ததுலருந்து ஒரே பேரு, ஒரே தேசம். நான் உண்மையச் சொல்லி வேலை போனா நீயா சோறு போடுவ?"

"சோத்துக்குப் பயந்துட்டே சாமியத் தேடறயாக்கும்" என்றாய்.

அந்த வார்த்தையை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை. ஆறு மாதம் ஒரே அறையில், ஒரே குழந்தைகளை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, பேசாமல் இருந்தோம். ஆனால் உன் காலை ஜெபம் நிற்கவில்லை. கடைசிக் குழந்தையின் பேரைச் சொன்ன பிறகு உன் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. அந்த இடத்தில் நான் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். பார்க்காத மாதிரி நிற்பேன். அந்த ஒரு நொடிக்காகவே வேலைக்கு வந்த நாட்களும் உண்டு.

ஒரு நாள் நீயாக என் அருகில் வந்தாய். "அன்னிக்கு நான் பேசுனது தப்பு புள்ள. உன்ற பயம் எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரியாததப் பத்தி வாய விட்டுட்டேன். நீ எந்தப் பேருல வேணும்னாலும் வா" என்றாய்.

விட்டுக்கொடுத்து விட்டாயே, அதுதான் என்னை உலுக்கியது. அன்று சாயங்காலமே அம்மா குடியிருந்த லய வீட்டுக்குப் போனேன். அம்மா முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என் பேரு என்னா?"

"என்னாடி இது கேள்வி? சிவகாமி."

"நீ வச்ச பேரக் கேக்குறேன்."

அம்மாவின் விரல்கள் அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டன. தலை நிமிராமலே பேசினாள். "மொதல்ல ஒங்கப்பா சொன்னதுக்காகத்தான் கூப்புட்டேன். பொறவு அந்தப் பேரச் சொன்னா நீங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாக்குற மாதிரி இருந்துச்சு. அத விட ஏலல எனக்கு." பிறகு என்னைப் பார்த்து, "பூங்காவனம்" என்றாள். இருபத்திரண்டு வருஷம் முன்னால் ஒரு மலையில் விட்டுவிட்டு வந்த குழந்தையைக் கூப்பிடுவது போல இருந்தது அவள் குரல்.

ஞானஸ்நானம் எடுக்கப்போவதைச் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமி விசயம் ஒன் இஸ்டம். ஆனா ஒன் அக்காளப் பத்தியும் அங்க ஒரு வார்த்த சொல்லிரு" என்றாள்.

ஞானஸ்நானத்தன்று போதகர் பேர் கேட்டபோது "பூங்காவனம்" என்றேன். சபையில் சலசலப்பு. எல்லாருக்கும் நான் சிவகாமிதானே. முன் வரிசையில் ஒருவர், அது வேதக்காரர் பேர் இல்லையே என்றார். போதகரிடம் நீ முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாய். அவர், "இவங்க பேரு இதுதான்" என்று சொல்லித் தண்ணீரை என் தலையில் ஊற்றினார். குளிரில் உடம்பு உதறியது. பிறகு நீ ஜெபித்தாய். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது உங்கள் வழக்கமில்லை, நீ தயங்கியது எனக்குத் தெரிந்தது. "சிவகாமிக்காக நன்றிங்க ஏசப்பா. அவ காகிதத்துலதான் இவள இங்க கொண்டாந்து சேத்துனீங்க" என்றாய். அம்மா கடைசி வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. வேலை போகவில்லை, யாரும் என்னைச் சிலோனுக்குத் திருப்பி அனுப்பவும் இல்லை. எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் மட்டும், "சர்ச்சுல எப்படி வேணா இருங்க, செக்ரோல்ல மாத்த முடியாது" என்றார். அக்காவின் வயதுப்படி உரிய காலத்துக்கு நாலு வருஷம் முன்னாலேயே எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இன்றும் எல்லாக் காகிதத்திலும் நான் சிவகாமிதான். சில நாள் அது உறுத்துகிறது. சில நாள் அவள் இன்னும் எங்கேயாவது இருக்கட்டுமே என்று தோன்றுகிறது.

உன்னிடம் சொல்லத் தயங்கிய ஒன்று இருக்கிறது. உன் மகள் உன்னைக் குன்னூருக்கு அழைத்துப் போன பிறகு, மறதி நோய் வந்திருப்பதாகச் சொன்னாள். போன வருஷம் உன்னைப் பார்க்க வந்தேன். நாற்காலியில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாய். கையைப் பிடித்தேன். வாய் நிறையச் சிரித்து, "நீங்க யாருங்க?" என்றாய்.

"பூங்காவனம்" என்றேன்.

"நல்ல பேருங்க" என்றாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆண்டவரோடு சண்டை போட்டேன். யார் வாயால் என்னைக் கூப்பிட்டீரோ அந்த வாயிலிருந்தே என்னை அழித்துவிட்டீரே என்றேன். நாலு ஞாயிறு சர்ச்சுக்குப் போகவில்லை. அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். காலையில் எழுந்து முகம் கழுவுகிறபோதும், ஜன்னலோரம் நிற்கிறபோதும், கோபத்தில் அவரைத் திட்டுகிறபோதும் நான் பூங்காவனமாகத்தான் இருந்தேன். நீ மறந்த பிறகும் என் பேர் என்னை விட்டுப் போகவில்லை. அப்படியென்றால் அதைப் பிடித்து வைத்திருந்தது நீ இல்லை. இத்தனை வருஷம் உன் விசுவாசத்தின் நிழலில்தான் நின்றிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கென்று ஒன்று இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாம் ஞாயிறு நான் தனியாகப் போனேன், கதவோரத்தை விட்டு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

இப்போது நம் லயங்களில் பாதிக்கு மேல் வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள். அவர்கள் பேர் யாருக்கும் வாயில் நுழைவதில்லை. மேஸ்திரி எல்லாரையும் பொதுவாக "பாயி" என்கிறார். வாரத்தில் மூன்று நாள் நான் அங்கே போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். யாரும் கேட்டு இல்லை. சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான். போன வாரம் ஒரு சின்னப் பெண்ணின் பேரை மூன்று தடவை தப்பாகச் சொன்னேன். நாலாவது தடவை அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பொறுமையாக எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். சரியாகச் சொன்னதும் ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டாள்.

எனக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது என்று எழுத ஆசைதான். அது பொய்யாகிவிடும். ஆண்டவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன, உன் கடைசி வருஷத்தைப் பற்றியும்தான். ஆனால் கேட்பது யார் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை.