வராத காமாலைக்குப் பத்தியம்

கோபத்திலும் உன்னையே தேடுகிறேனே, என் அன்பு நைனா,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தலைத்திவசத்துக்கு ஆரம்பாக்கம் வரச்சொல்லி அம்மா கூப்பிட்டாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ உயிரோடு இருந்திருந்தால் நேரில் வந்து சண்டை போட்டிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

பதினாறு வயதில் எனக்குக் காமாலை வந்தது என்றாய். அந்த இரண்டு மாதம் ஞாபகத்தில் இல்லாததற்குக் காரணம் அதுதான் என்றாய். நம்பினேன். கீழாநெல்லியை நீயே அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாய். கல்யாணத்துக்குப் பிறகும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டு, எண்ணெய் ஆகாது, மீன் குழம்பு பக்கம் போகாதே என்பாய். இன்னா நடிப்பு நைனா அது.

நீ மறைத்த அந்த வியாதி இந்த வருடம் எனக்கு மறுபடி வந்தது. பேச்சு நின்று, சோறு இறங்காமல், கட்டை மாதிரி கிடந்தேனாம். பாப்பா அழுதாலும் திரும்பிப் பார்க்கவில்லையாம். உன் மாப்பிள்ளை காக்களூர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். முன்னே இப்படி வந்திருக்கிறதா, எதில் குணமானது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, சின்ன வயதில் காமாலை மட்டும்தான் என்றாராம். பாவம், அவருக்கு என்ன தெரியும்? மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்ததில் இரண்டு மாதம் போனது. கடைசியில் மூக்கில் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள்.

அம்மா பக்கத்திலேயேதான் இருந்தாள். என் தலைமேல் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாயே, சொன்னால் என் உயிருக்கு ஆகாது என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. சத்தியம் வாங்கினவரே போய்விட்டாரே என்று பிறகு கேட்டேன். "அவரு போயிட்டா சத்தியமும் பூடுமா?" என்றாள். அந்தக் குழாயைப் பார்த்த அன்றுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்குக் காமாலையே வர்ல டாக்டரம்மா. பட்டணத்துல தலையில கரண்டு வெச்சாங்க. ஆறு வாட்டி. அதுலதான் எந்திரிச்சி உக்காந்துச்சி."

மயக்க ஊசி போட்டு, இப்போதும் அந்த ஷாக் சிகிச்சையையே கொடுத்தார்கள். நாலாவது முறை முடிந்ததும் பாப்பா எங்கே என்று கேட்டேனாம். மனநோய் என்று தெரிந்தால் என்னை யாரும் கட்டமாட்டார்கள், கட்டினவனும் விட்டுவிடுவான் என்றுதானே மறைத்தாய்? உன் மாப்பிள்ளை சொன்னது ஒன்றுதான்: "முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கே இட்டுக்கினு வந்திருப்பேனே." அவர் விடவில்லை. நீதான் என்னைக் கைவிட்டாய். ஊருக்கு மறைத்தாய், சரி. என் வியாதியை எனக்கே மறைக்கலாமா?

இதைவிடவும் ஒன்று வலிக்கிறது. அந்த ஆறு முறையும் அம்மா, காய்ச்சலில் கிடந்த தம்பியோடு வீட்டில் இருந்தாளாம். விடியற்கால ரயிலில் என்னைத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனது நீ மட்டும்தான். கண் விழித்து முதலில் யாரைக் கூப்பிட்டேன்? உன்னையா? நீ அழுதாயா? அம்மாவுக்குத் தெரியவில்லை. நீ என்னை அவ்வளவு பார்த்துக்கொண்ட நாட்களை எனக்குக் கொடுக்காமலேயே போய்விட்டாய்.

பாப்பாவுக்கு விவரம் தெரியும் வயதில் எல்லாவற்றையும் சொல்வேன். அவளுக்கு எந்த நோய் வந்தாலும் அதன் பெயரை அவளிடம் சொல்லித்தான் வைத்தியம் பார்ப்பேன். தாத்தா ஏன் உன்னிடமே பொய் சொன்னார் என்று ஒருநாள் கேட்பாள். எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன், நைனா. உன்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு கதை கட்டமாட்டேன்.

இன்னும் உன் மகள்தான்,
கவிதா