அத்தைக்குப் படைத்த பவுடர் கட்லெட்

ஒரு வருஷமாக என்னோடு சண்டை போட வராத என் பிரியமான அத்தைக்கு,

உங்கள் மகள் இதற்குள் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்திருப்பாள். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். போன செவ்வாய்க்கிழமை உங்கள் முதல் வருஷத் தெவசத்துக்கு இலையில் வைத்த கட்லெட், பாக்கெட்டில் வரும் உருளைக்கிழங்கு பவுடரில் செய்ததுதான். நான் மறைக்கவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. மாமா நன்றாக இருக்கிறார், சர்க்கரை மாத்திரையை மட்டும் தினமும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளை வள்ளூர் அனல்மின் நிலையத்தில் அதே காண்டிராக்ட் வேலையில்தான் இருக்கிறார். ஆனால் சோறு வடிக்கவும் சாம்பார் வைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார், நம்புவீர்களா? நான் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் லைன் லீடர் ஆகிவிட்டேன். பன்னிரண்டு பெண்கள் என் பொறுப்பில். அதை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

லைன் லீடர் ஆனதிலிருந்து என் சமையல் ஞாயிற்றுக்கிழமையோடு சரி. குருமா, கூட்டு, கட்லெட் எல்லாம் ஒரே நாளில் செய்து டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்கிவிடுகிறேன். உங்களுக்கோ ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர்கூட ஆகாது. நான் முதன்முதலாக அந்தப் பவுடர் பாக்கெட்டை வாங்கி வந்தபோது ஆட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, கொயந்த மூஞ்சிக்கு அடிக்கிற பவுடர் மாரி கீது?" என்று கேட்டீர்கள். கம்பெனி கேன்டீனில் மூட்டை மூட்டையாகக் கிழங்கு உரித்த கை உங்களுடையது. உங்களிடம் நான் எப்படி வாதாடுவேன்?

ஆனால் அத்தை, வேகவைத்து மசித்த கிழங்குக்கும் ஃப்ரீசருக்கும் ஒத்துப்போகவில்லை. வெளியே எடுத்ததும் தண்ணீர் விட்டுக்கொண்டு, எண்ணெயில் போட்டால் கட்லெட் பிரிந்துபோகிறது. மூன்று வாரம் பேஜாராகிப் போனேன். பிசையும்போது இரண்டு கை பவுடரைத் தூவிப் பார்த்தேன், ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுக் கெட்டியாக நின்றது. குருமா நீர்த்துப்போனாலும் ஒரு ஸ்பூன் போதும். அப்புறம் முழுக்கப் பவுடரிலேயே கட்லெட் செய்ய ஆரம்பித்தேன். மாமா வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை, நானும் சொல்லப்போகவில்லை.

தெவசம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதுப் பொறுப்பு, லீவு கேட்க வழியில்லை, ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ். விடியற்காலையிலேயே படைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். முந்தின நாளே பொன்னேரியிலிருந்து வந்த உங்கள் மகள், இப்படி அவசரத்தில் செய்தால் அம்மா மனசு ஆறாது என்று இரண்டு முறை சொன்னாள். எனக்கும் உள்ளூர அதே பயம்தான். உங்களுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது, கம்பெனியில் கஷ்டப்பட்டு வாங்கிய பேரும் கெடக் கூடாது. நான் என்ன செய்வேன்?

உங்கள் பிள்ளை சோறும் சாம்பாரும் புதிதாகச் செய்து இறக்கிவிட்டார். உங்களுக்குப் பிடித்த கட்லெட்டைப் பொரிக்க நான் ஃப்ரீசரிலிருந்து டப்பாவை எடுத்தேன். அப்போது உங்கள் மகள் கேட்டாள்: "அண்ணி, இத்த செஞ்சன்னிக்கி யாராச்சும் துன்னீங்களா?"

தின்றோமே. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சுடச்சுட ஆளுக்கு இரண்டு தின்றார்கள். படையலுக்கு முன்னால் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த டப்பாவை யாரும் தொடவில்லை. அப்படியென்றால் இது எச்சிலா, இல்லையா? செய்த நாளைப் பார்ப்பதா, டப்பாவைப் பார்ப்பதா? நம் பெரியவர்கள் யாரும் ஃப்ரீசருக்கு முறை சொல்லிவைத்துவிட்டுப் போகவில்லையே. பொய் சொல்லியிருக்கலாம். உங்கள் காரியத்தில் பொய் சொல்ல மனசு வரவில்லை, ஆமாம் என்றேன்.

உங்கள் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வாழை இலையைக் கழுவிக்கொண்டிருந்த மாமா எனக்குப் பரிந்துகொண்டு சொன்னார்: "இத்தயே வையும்மா. அவ என்னிக்கி மொதல்ல துன்னா? நாம அல்லாரும் துன்னது போவ மிச்சம் கீறதத்தான துன்னா. அவளுக்கு இது இன்னா புச்சா?"

அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் என் கண் அடுப்புப் பக்கம் போனது. அடுப்போரம் நின்றபடி குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவீர்களே, அதை நான் பதினான்கு வருஷம் பார்த்திருக்கிறேன். கட்லெட் குறைச்சலாக இருந்தால் அன்றைக்கு உங்களுக்குப் பசியே இருக்காது. ஒரு நாளாவது உங்களை உட்காரவைத்து முதலில் பரிமாறினேனா? எனக்கு வெட்கமாக இருந்தது அத்தை.

டப்பாவைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தேன். மணி ஐந்து நாற்பது. கிழங்கை வேகவைத்து உரிக்க நேரமில்லை. பாக்கெட்டைப் பிரித்துப் பவுடரில் வெந்நீரை ஊற்றிக் கிளறினேன், நிமிஷத்தில் மசியல் ஆகிவிட்டது. யாரும் சொல்லாமலே உங்கள் மகள் இஞ்சியும் பச்சை மிளகாயும் நறுக்கித் தந்தாள். நான் தட்ட, அவள் ரவையில் புரட்ட, உங்கள் பிள்ளை பொரித்தார். உப்புகூடப் பார்க்காமல், எண்ணெயிலிருந்து எடுத்த முதல் கட்லெட்டை மாமா உங்கள் இலையில் வைத்தார். வைத்துவிட்டு, தண்ணீர்த் தம்ளரையும் இலைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

உப்பு கொஞ்சம் குறைவுதான், அப்புறம் தெரிந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கற்பூரம் காட்டியதும் எல்லாருக்கும் இலை போட்டுவிட்டு, வழக்கம்போல் கரண்டியோடு நின்றேன். உங்கள் மகள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். "நீயும் குந்து அண்ணி. பஸ்ஸு வந்துரும்" என்றாள். உட்கார்ந்தேன். உங்கள் பேத்தி என்னை அதிசயமாகப் பார்த்தாள். அம்மா எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன் அத்தை. ஃப்ரீசரும் இருக்கும், பவுடரும் இருக்கும், அதில் நீங்கள் கோபித்தாலும் மாற்றமில்லை. ஆனால் இந்த வீட்டில் இனி யாரும் நின்றுகொண்டு சட்டியை வழிக்க மாட்டார்கள். நான் உட்காருவேன், சூடாகச் சாப்பிடுவேன். என் மகளும் அதைப் பார்த்தே வளருவாள்.

என்றும் உங்கள் மருமகள்,
கலா