வடத்தில் அப்பிய சந்தனம்

விஜயதசமி, செவ்வாய் இரவு.

எங்கள் சுருளிப்பட்டிக் கிணற்றில் வெட்டு ஆட்களைக் கூடையில் உட்காரவைத்துக் கிரேன்தான் இறக்கி ஏற்றுகிறது. நேற்று ஆயுத பூஜைக்கு மேஸ்திரி அதன் வடத்துக்குப் பொட்டு வைத்தார். இன்று பார்த்தால், ஓரிடத்தில் மட்டும் சந்தனம் கையகலத்துக்கு அப்பியிருக்கிறது. சுரண்டிப் பார்க்கப் போனேன்.

"தொடாதீக அய்யா, சாமிக்குப் பூசுனது."

"அப்பன்னா நாளைக்கு மொத ஆளா நீங்க கூடையில எறங்குங்க."

"எனக்குத் தலை சுத்துமே!"

ஊர் ஊராகக் கிணறு வெட்டுகிறவருக்குத் தலை சுற்றுமாம். ஆட்கள் எதிரில் சாமி பேரைச் சொல்லிவிட்டதால் கையை இழுத்துக்கொண்டேன். அதுதான் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும், யாரும் இறங்குவதற்குள், வடத்தைக் கழுவிவிட வேண்டும். சாமி கோபித்தால் என்னோடு போகும். வடம் அறுந்தால் கூடையில் நாலு பேர்.