கயிறு கொடுக்காமல் வந்த படகு

முட்டம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஷைஜாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், நான் சொல்லப்போவது அவள் காதில் விழவேண்டாம், அதனால்தான் தபால்.

உன் தம்பி லிஜினைப் பிடித்துவைத்து ஏழு மாதம் ஆகிறது. ஆழ்கடலில் இன்ஜின் நின்று அலைந்த வேற்றுநாட்டுப் படகு ஒன்று துணி வீசிக் கூப்பிட்டதும் கயிறு கொடுத்து அவர்கள் கரைக்கே இழுத்துப்போனான், எல்லை தாண்டியதாக இவனையே சிறையில் போட்டார்கள். கூட இருந்தவர்கள் வந்துவிட்டார்கள், படகை ஓட்டியவன் என்று இவனை மட்டும் விடவில்லை. பக்கத்து ஊரோடு வெட்டுக்குத்து நடந்த வருஷத்தில்கூட துணி வீசியவனுக்குக் கயிறு கொடுக்காமல் நம் ஆட்கள் திரும்பியதில்லை, எந்த ஊர் என்று கேட்பதெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டான், அதுதான் அவன் செய்த தப்பு.

லிஜின் இழுத்துப்போன படகில் இருந்த ஐந்து பேரும் சாட்சி சொன்னால் விட்டுவிடுவார்களாம், அதற்கு நம் நாடு அந்த நாட்டுக்கு எழுதவேண்டுமாம். எழுதி நாளாயிற்று என்று இங்கே சொல்கிறார்கள், முறைப்படி எதுவும் வரவில்லை என்று அங்கே சொல்கிறார்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசவேண்டிய கூட்டம் இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. லிஜின் பெண்டாட்டி டெல்சி கைக்குழந்தையோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறி ஏறி ஓய்ந்துபோனாள். "ரெண்டு நாட்டுக்கும் பகை ஒண்ணும் இல்லியாம், பின்ன ஏன் மாமா பேசமாட்டேங்கிறாவ?" என்று கேட்டாள்.

நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் முறையைத் திருத்தத்தான் ஜெனீவாவில் கூடுகிறார்கள், என் மகள் அங்கே குறிப்பு எழுதுகிறாள் என்று ஊரில் பெருமையடித்தவன் நான். போன மாதம் நீ சொன்னாய், மூன்று நாள் பேசி அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டுக் கலைந்தார்கள் என்று. உன்னைக் குறை சொல்லவில்லை மக்கா, உன் கையில் பேனா மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் ஆத்திரமாக வருகிறது. முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள், வழக்கைப் பிறகு பேசுங்கள் என்று ஒரு விதி போட இத்தனை வருஷமா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லிஜினுக்கு நேர்ந்ததைப் பார்த்து, படகுச் சங்கத் தலைவனாக நான் எல்லோரையும் கூட்டி, எல்லைப் பக்கம் வேற்றுநாட்டுப் படகு கூப்பிட்டால் கிட்டே போகாதீர்கள், வயர்லெஸில் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்று சொன்னேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. போன செவ்வாய்க்கிழமை நம் சங்கத்துப் பெனிட்டோ கரையில் இறங்கியதும் நேரே என்னிடம் வந்தான். சின்னப் படகாம், மூன்று பேராம், ஒருவன் சட்டையைக் கழற்றி வீசினானாம். "நீங்க சொன்ன மாதிரியே வயர்லெஸ்ல சொல்லிட்டு வந்திட்டேன் அண்ணே" என்றான். கடலோரக் காவல்படையிடம் நான் விசாரித்தபோது, அந்த இடம் நம் பக்கம் இல்லை, அந்த நாட்டுக்குத் தகவல் கொடுத்தாயிற்று என்றார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் படகு ஆளில்லாமல் மிதந்ததாகத் தெரிந்தது. பெனிட்டோ அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை. நீ செய்ததுதான் சரி என்று அவனிடம் சொன்னேன், சொல்லிவிட்டு வந்து சாப்பிட முடியவில்லை. உங்கள் கூட்டத்தில் இருப்பவர்களைத் திட்ட எனக்கு இனி வாயில்லை மகளே, மூன்று உயிரை நானும் அடுத்தவன் பொறுப்பு என்று விட்டுவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பூசையை விடாதே, ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். லிஜினோடு போனில் பேச சிறையில் உனக்கு ஐந்து நிமிடம் கொடுப்பதாகச் சொன்னாயே, எல்லோரும் சுகம் என்று சொல். வெளியே வந்தால் யார் கூப்பிட்டாலும் மறுபடியும் கயிறு கொடுப்பேன் என்று போன தடவை என்னோடு பேசும்போது அவன் சொன்னான். அப்பா சங்கத்தில் என்ன சொன்னார் என்பதை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.

உன் அப்பா,
ஞானதாசன்