தகரம் போடாத பந்தல்

12 பிப்ரவரி 2006, ஞாயிறு

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் நின்று பேசியவர்கள்: நான், என் வீட்டுக்காரவுக, கொழுந்தனார் சீனிவாசகம், அவர் வீட்டுக்காரி ஸ்ரீமதி, வெல்டிங் பட்டறை மாரிக்கண்ணன். இவர்கள் போக மேற்கே இருந்து வெயில். அது மட்டும்தான் யாரையும் கேட்காமல் தளம் முழுக்க உட்கார்ந்திருந்தது.

சிமெண்டுத் தளம் போட்ட நாளிலிருந்து இதே பாடு. உச்சிக்கு மேல் கால் வைக்க முடியாது. செவ்வாய்க்கிழமை பூஜைக்கு வருகிற பெண்களும் நானும் அடுப்படிக்குள் நெருக்கியடித்து உட்கார்கிறோம். நிழல் வேண்டும் என்று கேட்டது நான்தான். பேச்சு எங்கேயோ போய்விட்டது.

"மூணு பக்கம் சுவரு, மேல தகரம். செலவு பூராவும் என் பொறுப்பு மதினி" என்றார் கொழுந்தனார். "தீவாளி சீசன் முடியிற வரைக்கும் கொஞ்சம் கிஃப்ட் பாக்ஸ் பேக்கிங் நடக்கட்டும். அப்புறம் நீங்களாச்சு, உங்க சாமியாச்சு."

"பேக்கிங்னா வெறும் அட்டைப் பெட்டியா தம்பி?"

"வெடி இல்லாம என்னத்தப் பேக் பண்ண? சும்மா பயப்படாதீக."

அவருக்கு நாரணாபுரத்தில் லைசென்ஸ் வாங்கிய கம்பெனி இருக்கிறது. அங்கே இடம் பத்தவில்லையாம். லைசென்ஸ் கம்பெனிக்குத்தானே கொடுத்தார்கள்? என் அடுப்படிக்கா கொடுத்தார்கள்? அடுப்புக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே ஒரே ஒரு மரக்கதவு. போன ஐப்பசியில் கிழக்குத் தெருவில் ஒரு வீட்டில் இதே 'கொஞ்சம் பேக்கிங்'தான். பிறகு சுவர் மட்டும் நின்றது. அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோனவள் நான்.

"நிழலுக்குத்தான் கேட்டேன், குடோனுக்கு இல்ல" என்றேன்.

அவுக நகத்தால் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றார்கள். தம்பி பேசும்போது எப்போதும் அப்படித்தான். ஸ்ரீமதி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

14 பிப்ரவரி, செவ்வாய்

அவுகளுடைய பைண்டிங் ஆபீஸ் வேஸ்ட் தாளைத்தான் அலமாரியில் விரிப்பது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு மீதிப் படிப்பைச் சொல்லிக் கொடுத்ததும் அந்த வேஸ்ட் தாள்தான். இன்று விரித்ததில் ஒரு காலண்டர்ப் படம். ஏதோ வெளிநாட்டு ஆர்டர். வீட்டின் பின்புறம் நாலு தூண், தூண்களுக்கு மேல் வரிசையாகச் சட்டங்கள், சட்டங்களுக்கு மேல் ஒன்றுமே இல்லை. வானம். தரையில் பட்டை பட்டையாக நிழல். ஓரமாக ஒரு கொடி ஏறுகிறது.

பேர் என்னவென்று ஆபீஸில் கேட்டுவரச் சொன்னேன். பெர்கோலாவாம்.

"கூரையில்லாத கூரை. மழை பெய்ஞ்சா நனையுமே, எதுக்கு ஆகும்?" என்றார்கள் அவுக.

"மழை பெய்ஞ்சா நனையும்ல? அதுக்குத்தான் ஆகும்."

புரிவதற்கு ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரம் பிடித்தது. பிறகு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

இந்த ஊரில் தலைக்கு மேல் மூடிய இடம் எதுவும் சும்மா இருந்ததில்லை. மாட்டுத் தொழுவத்தில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறார்கள், மாடிப்படிக்குக் கீழே பட்டாசுக் கட்டு அடுக்குகிறார்கள். நனைகிற இடத்தில் மட்டும்தான் யாரும் சரக்கு வைக்க மாட்டார்கள். எனக்கு நனைகிற இடம்தான் வேண்டும்.

19 பிப்ரவரி, ஞாயிறு

டைரி அட்டை வெட்டிய துண்டுகளை நாலு செங்கல் மேல் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். கிழக்கு மேற்காக நிறுத்தினால் உச்சி வெயிலுக்குத்தான் நிழல். மூன்று மணிக்கு வெயில் சந்துக்குள் புகுந்து நேரே வருகிறது. வடக்கு தெற்காக, படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்தால் சாய்கிற வெயில் அட்டையில் முட்டி நிற்கிறது. கீழே கையை நீட்டிப் பார்த்தேன். குளிர்ச்சி என்று சொல்ல முடியாது. சுடவில்லை.

அவுக தின்பண்டம் எடுக்க வந்தவர்கள், "சொப்பு விளையாட்டா?" என்று கேட்டார்கள்.

"ஆமா. நீங்களும் வாரீகளா?"

26 பிப்ரவரி, ஞாயிறு

மாரிக்கண்ணன் வந்தான். மூங்கில் வேண்டாம், இரண்டு மழைக்கு மேல் தாங்காது. தேக்கு நம் கைக்கு எட்டாது. முழுக்க இரும்பு போட்டால் கோடையில் அதுவே அடுப்பு. கடைசியில் கல்தூண் நாலு, அதன் மேல் சதுர இரும்புக் குழாய், குழாய்க்கு மேல் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் என்று முடிவு. பனைக்கு வெயிலும் கரையானும் பழக்கம். செலவு என் சீட்டுப் பணம். கணக்கு வேறு நோட்டில் இருக்கிறது, இங்கே எழுதவில்லை.

பக்கத்து வீட்டு இருளம்மாள் பட்டாசுக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்தாள். கையெல்லாம் வெள்ளி நிற வெடிமருந்து. "எதுக்கு மதினி சுவரில்லாம போடுறீக?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"எங்க ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் வச்சிருப்பாக, வெடிச்சா ஓடுறதுக்கு. நீங்க வாசல மட்டும் கட்டுறீக. கட்டுங்க, நாங்க வந்து உக்காருதோம். ஓடவே வேணாம்."

3 மார்ச், வெள்ளி

கல்தூண் நட்டாயிற்று. கொழுந்தனார் தட்டிப் பார்த்துவிட்டு "நல்ல ஸ்ட்ராங் மதினி" என்றார். இவருக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

9 மார்ச், வியாழன்

 

காலையில் குழாய் ஏற்றி வெல்டிங் முடித்தார்கள். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம்தானே. குங்குமம் தடவிக் கொடுத்தேன். மாரிக்கண்ணன் ஏணியில் நின்று குழாய் மேல் வைத்தான். பழம் மேற்கே உருண்டு தொப்பென்று கீழே விழுந்தது. அபசகுனமோ என்று நினைத்தேன். மறுபடி வைக்கச் சொன்னேன். மறுபடி மேற்கே. வேறு குழாயில் வைக்கச் சொன்னேன். அதுவும் மேற்கே.

அம்மன் உருட்டவில்லை. மேற்கே சரித்து வைத்த வாட்டம் உருட்டுகிறது.

"ஏலே மாரி, பந்தலுக்கு எதுக்குலே வாட்டம்? மேல நிக்கிறதுக்குத் தண்ணி எங்கன இருக்கு?"

ஏணியிலிருந்து இறங்காமலே தலையைச் சொறிந்தான். "அக்கா, என்னைய வையாதீக. சின்னண்ணாச்சிதான் மேக்க கொஞ்சம் தாழ்த்தி விடச் சொன்னாக. பின்னால தகர ஷீட்டு போட வசதியா இருக்கும்னு. குழாயில ஓட்டையும் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"பெரிய அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

அவன் வேறு பக்கம் திரும்பிக் குழாயைத் துடைத்தான். தெரியும் என்று அர்த்தம்.

ராத்திரிச் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கேட்டேன். "தம்பி கெஞ்சுறான், நான் என்ன செய்யட்டும்?" என்றார்கள். என்ன செய்யட்டுமா? இத்தனை வருஷம் நான் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த காசுல எனக்குத் தெரியாமலே எனக்குக் குடோன் கட்டுவீகளா? வெடிச்சா முதல்ல சாவுறது யாரு, அடுப்புகிட்ட நிக்கிறவதானே? இதை அப்படியே முகத்துக்கு நேரே கேட்டேன். இதுவரை இப்படிக் கேட்டதில்லை. அவுக தட்டிலேயே கையைக் கழுவினார்கள்.

10 மார்ச், வெள்ளி

பத்திரகாளியம்மன் கோவில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வருவார்கள் என்று தெரிந்துதான் போனேன். தீபாராதனை முடிந்து பூசாரி தட்டைக் கொண்டுவந்தார். குங்குமத்தை எடுக்காமல், அத்தனை பேர் கேட்கச் சத்தமாகச் சொன்னேன்:

"எங்க வீட்டுப் பின்பந்தல்ல முல்லை வைக்கப் போறேன். பூக்கிற பூ பூராவும் அம்மனுக்கு. ஒரு சரங்கூட என் தலைக்கு இல்ல. அந்தக் கொடிக்கு வெயிலும் மழையும் படாம யாரு மறைச்சாலும் அது அம்மா பூவ மறைச்சதாகட்டும்."

பூசாரி "நல்ல நேர்ச்சைம்மா" என்று ஒரு முழம் பூவைக் கையில் வைத்தார். கொழுந்தனார் கையில் உடைத்த தேங்காய். மூடி ஒன்று நழுவிக் கீழே உருண்டது. பங்குனிப் பொங்கலுக்கு வருஷம் தவறாமல் காப்புக் கட்டி விரதம் இருக்கிறவர். பட்டாசுச் சட்டத்துக்குப் பயப்பட மாட்டார். இதற்குப் பயப்படுவார்.

வெளியே வந்ததும், "மதினி, சாமிய இழுத்து நடுவுல விட்டுட்டீகளே" என்றார்.

"நடுவுல நின்னது நான்தான் தம்பி. எனக்குத் துணைக்குக் கூப்பிட்டேன்."

படுத்தபிறகு யோசித்தேன். வீட்டுச் சண்டைக்குத் தாயை இழுத்தது சரியா? தப்பென்றால் கொடி பட்டுப்போகட்டும். அதுதான் எனக்குத் தீர்ப்பு.

14 மார்ச், செவ்வாய்

மாரிக்கண்ணன் குழாயை அறுத்து மட்டம் பார்த்து மறுபடி வைத்தான். ஓட்டைகளையும் அடைக்கச் சொன்னேன். பழம் வைத்துப் பார்த்தோம். அசையவில்லை. அதன்பிறகுதான் பனஞ்சட்டம் ஏற்றினார்கள். நிமிர்த்தி, வடக்கு தெற்காக.

7 ஏப்ரல், வெள்ளி

கொழுந்தனார் ஒரு மாதமாக வீட்டுக்கு வரவில்லை. கொடி தூணில் ஒரு சாண் ஏறியிருக்கிறது.

1 செப்டம்பர், வெள்ளி

முதல் பூ. ஒரு கை நிறையக்கூட இல்லை. வாழையிலையில் பொதிந்து அவுகளே கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். நான் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "எங்க, பூவக் கொண்டா" என்று கையை நீட்டினார்கள்.

பட்டுப்போகவில்லை தாயே. நன்றி.

பூஜை இப்போது வெளியேதான். இருளம்மாள் சட்டத்தைப் பார்த்தபடி மல்லாந்து படுத்துக் கதை பேசுகிறாள். அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை.

10 செப்டம்பர், ஞாயிறு

ஸ்ரீமதி இரண்டு பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்வாசலில் நிற்காமல் நேரே பின்னால் வந்து பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, உங்க வீட்ல வேணாம்னுட்டீக. அவுக எங்க வீட்டுப் பின்னால தகரம் போட்டுட்டாக. சீசன் சரக்கு பூராவும் அங்கனதான். பிள்ளைக படுக்கிற ரூமுக்கும் அதுக்கும் ஒரு சன்னல்தான் நடுவுல. நேத்து சின்னவன் தீப்பெட்டிய வச்சு விளையாடிக்கிட்டிருந்தான்க்கா."

 ஆறு மாதமாக ஜெயித்துவிட்டேன் என்றுதானே இருந்தேன்? சரக்கு எங்கே போகும் என்று ஒரு நாளாவது கேட்டேனா? என் அடுப்பைக் காப்பாற்றிக்கொண்டு அவள் சன்னலுக்குத் தள்ளிவிட்டேன்.

"நீ வேணாம்னு சொன்னியா?"

"உங்கள மாதிரி எனக்கு வாய் வரமாட்டேங்கே."

"வாய் வராட்டா போகுது. காலு வந்திருக்குல்ல. இரு."

12 செப்டம்பர், செவ்வாய்

அவுகளிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய்க் கொடியைத் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தார்கள். பிறகு, "நீ எழுது. நான் கொண்டுபோய் அவன் கையில குடுக்கேன். படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கேன்" என்றார்கள். தம்பிக்கு எதிராக இவர்கள் நிற்பேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. எழுதியதன் நகல்:

தம்பி சீனிவாசகத்துக்கு, மதினி பொன்னுத்தங்கம் எழுதுவது. ஸ்ரீமதியும் பிள்ளைகளும் இங்கே சௌக்கியம். உங்கள் வீட்டுப் பின்னால் இருக்கிற சரக்கு நாரணாபுரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர்களை அனுப்புவேன். அதுவரை பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்தே போவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து தகரத்தைப் பிரிக்க மாரிக்கண்ணன் ஒப்புக்கொண்டான். அங்கேயும் பனஞ்சட்டம்தான், மட்டமாக. நட வேண்டிய முல்லைப் பதியனை நானே எடுத்து வருகிறேன். அந்தப் பூவும் யாருக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்களுக்குச் சோறு பொங்க வேண்டும். ஞாயிறு வரலாமா என்று சீக்கிரம் பதில் சொல்லவும்.