நான்காம் இயலும் மாமியின் தபாலும்

ஒக்டோபர் 6, திங்கள்

மழை. குடையைத் திருப்பிப் போடும் ஓல்போர்க் காற்று. பேருந்துக் கண்ணாடி முழுக்க நீராவி, ஒரு தரிப்பு தாண்டித்தான் இறங்கினேன்.

இன்றைக்கு: நான்காம் இயல் அடிக்குறிப்புகள். அச்சுப் பிரதி. ரயில் நிலையத்தில் தண்டிவே, 15.40. கறிவேப்பிலை.

ஆய்வேடு ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம். அதற்கு முன் வெளியாள் ஒருவர் முழுவதையும் வாசித்து, எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பார். எனக்கு வாய்த்தவர் லுசாக்காவிலிருந்து பேரா. தண்டிவே. தென்பகுதி ஆபிரிக்க நாடுகளில் முதியோர் உதவிப்பணம் இப்போது கைபேசிக்கு வருகிறதே, அந்தச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் நான் பயந்து பயந்து வாசிப்பது அவரைத்தான். என் அடிக்குறிப்புகளில் பாதி அவர்.

ஆள் சின்னன், பெட்டி பெரிது. மேடையில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "இது மழையா, தண்டனையா?" என்றார். பயம் பாதி போய்விட்டது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

ஆறு மணிக்கு வீட்டில் சாப்பாடு. நண்டுக் குழம்பு, புட்டு, கத்தரிக்காய். என் கணவர் குகனின் அம்மா, என் மாமி, இரண்டு தரிப்புத் தள்ளித் தனியாக இருக்கிறார்; அவரும் வந்தார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. தேவைப்படவும் இல்லை. தண்டிவே கையால் நண்டை உடைத்த அழகைப் பார்த்து மாமி உருகிவிட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு இன்னும் போடு. நீ அளந்து அளந்து போடுறாய்."

பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு வயது.

இடையில் என் கைபேசியில் மாமிக்குக் கடிதம்: வியாழன் காலை அவர் கட்டடத்தில் தண்ணீர் நிற்கும். வாசித்துச் சொன்னேன். மாமி "ஓ" என்றார். என்ன அது என்று தண்டிவே கேட்க, விளக்கினேன். அரசாங்கக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் இங்கே டென்மார்க்கில் கணினியில்தான் வரும். திறக்க மிட்-ஐடி வேண்டும், இரகசிய எண் காட்டும் சின்னக் கருவி. வங்கிக்கும் வரிக்கும்கூட அதே திறப்புத்தான். மாமியுடையது என் திறப்புக் கோர்வையில் தொங்குகிறது, கடவுச்சொல் என் தலைக்குள். பல வருடமாக அப்படித்தான்.

தண்டிவே கோர்வையை ஒரு தரம் பார்த்தார். நண்டுக்குத் திரும்பினார்.

ஒக்டோபர் 8, புதன்

பல்கலைக்கழகத்தில் கேள்வி நேரம் முடிந்தது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

முதல் மூன்று இயல்களும் தப்பின. பிறகு நான்கு. அதில் நான் சொல்வது: உதவிப்பணம் சிம்முக்கு வருகிறது. கிழவிக்கு எழுத்துத் தெரியாது. இரகசிய எண்ணைச் சந்தியில் கடை வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் முகவரிடம் கொடுத்துவிடுகிறாள். ஆகவே பணம் வந்ததும் முதலில் தெரிவது அவருக்கு, கடைசியில் தெரிவது அவளுக்கு. சமூகப் பாதுகாப்பு உரிமை அந்தக் கடை வாசலில் நின்றுபோகிறது. அடுத்தவர் எண்ணை வைத்திருப்பதைச் சட்டம் குற்றமாக்க வேண்டும். பதினேழு பக்கம். நான் மிகவும் பெருமைப்பட்ட பதினேழு பக்கம்.

தண்டிவே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தடை போட்டால் கடைக்காரர் போய்விடுவார். நல்லது. அடுத்த நாள் காலை அந்தக் கிழவி யாரிடம் போவாள்?"

நான் பக்கங்களைப் புரட்டினேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "இங்கே யாரிடமாவது இன்னொருவருடைய இரகசிய எண் இருக்கிறதா?"

என் மேற்பார்வையாளர் ஹென்ரிக் பாதிக் கையைத் தூக்கினார். அவருடைய அப்பாவின் எண். பாவம், காது சிவந்துவிட்டது. பிறகு நான் முழுக் கையையும் தூக்கினேன். "என் மாமியாருடையது. இப்போதும் கைப்பையில் இருக்கிறது." இங்கேயும் அது விதிக்குப் புறம்பு என்று தெரிந்தே வைத்திருக்கிறேன்.

முடிவு: நான்காம் இயல் இப்படியே போக முடியாது. பத்தொன்பது நாள் இருக்கிறது. மற்றதெல்லாம் சரி.

வெளியே நடையில் தண்டிவே என் தோளைப் பிடித்தார். "என் அம்மாவின் எண் என்னிடம் இருக்கிறது. கேட்கத் தெரிந்தது அதனால்தான்." நேற்று மேசையில் கண்டதைப் பற்றி அவராக ஒரு சொல் எடுக்கவில்லை. நானாகச் சொல்லும்வரை விட்டார். இந்த மரியாதையை மறக்க மாட்டேன்.

குகனிடம் சொன்னேன். சிரிப்பு. "நீர் எழுதின சட்டத்திலை முதல் ஆளாய் உம்மைத்தான் பிடிப்பாங்கள் போலை."

ஒக்டோபர் 9, வியாழன்

மழை விட்டது. அழுதும் முடிந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்களை எழுதி வைக்கிறேன், மனசு தெளிய. இரட்டை முறை வேலை செய்து என்னைப் படிக்க விட்ட குகன். முப்பத்து மூன்று வயதில், முதியோர் இல்லத்துச் சீருடையைக் கழற்றிவிட்டுச் சட்டம் படிக்கப் போனவளை ஒரு நாளும் நக்கல் அடிக்காத ஹென்ரிக். பிழையை அச்சேறுவதற்கு முன் பிடித்த தண்டிவே. பிழைதான். முகவரைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த மனுசிக்கு யார் வேண்டும் என்று ஒரு பந்தி இல்லை.

பின்னேரம் மாமியிடம் போனேன். எல்லாம் சொன்னேன். மிட்-ஐடியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"ஏன் பிள்ளை, பொலிஸ் வந்ததோ?"

"இல்லை மாமி. இனி முறைப்படி செய்வம். கொமுனக் கந்தோருக்குப் போய் எழுதிக் குடுத்தால், உங்கட தபாலை வாசிக்க நீங்கள் சொல்லுற ஆளுக்கு அனுமதி குடுப்பினம்."

"நான் சொல்லுற ஆளுக்கோ?"

"ஓம் மாமி."

"அப்ப வாறன்."

சட்டென்று ஒத்துக்கொண்டார். எனக்குப் பெரிய நிம்மதி.

ஒக்டோபர் 10, வெள்ளி

தண்டிவேயை ரயில் ஏற்றினேன். மாமி கொடுத்துவிட்ட பருத்தித்துறை வடை ஒரு பை. எல்லைச் சோதனையில் என்னவென்று சொல்வது என்று கேட்டார். உணவு என்று சொல்லுங்கள், வேறு விளக்கம் கிடையாது என்றேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

கொமுன மேசை. இலக்கச் சீட்டு, இருபது நிமிடம். மாமி தேவாலயத்துக்குப் போகும் நீலச் சேலையும் மேலே குளிர் அங்கியும்.

அலுவலர் கேட்டாள், யாருக்கு அனுமதி என்று. நான் என் அடையாள அட்டையை நீட்டிவிட்டேன்.

மாமி கைப்பையைத் திறந்து, மடித்த கடதாசி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மீன் தொழிற்சாலையில் கற்ற டேனிஷில், உரத்து: "இவ. கியர்ஸ்டின்."

கியர்ஸ்டின் மாமியின் பக்கத்து வீடு. பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் மீன் வெட்டியவர்கள். அவருடைய பெயர், இலக்கம் எல்லாம் அவர் கையெழுத்திலேயே கடதாசியில். ஆக, வியாழனே முடிவாகிவிட்டது.

அலுவலர் என்னைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன்.

பேருந்தில் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏன் மாமி? நான் என்ன குறை விட்டன்?"

"நீ ஒரு குறையும் விடேல்லை பிள்ளை. நீ இல்லாட்டி நான் எப்பவோ தடுமாறியிருப்பன்." யன்னல் பக்கம் திரும்பினார். "ஏப்ரலிலை மார்புச் சோதனைக் கடிதம் வந்தது. திரும்ப வரச்சொல்லி. நீ குகனுக்குச் சொன்னாய். அவன் தங்கச்சிக்குச் சொன்னான், அவள் விபோர்க்கிலை இருந்து ஓடி வந்தாள். எல்லாரும் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தியள். எனக்கு மூண்டாம் நாள்தான் சொன்னனீங்கள்."

"பயப்படுவியள் எண்டு…"

"என்ர நெஞ்சு. நான்தானே முதல் பயப்பட வேணும்."

 சுட்டது. இன்னும் சுடுகிறது. மார்பில் கண்ட கட்டி ஒன்றுமில்லை என்று பிறகு வந்தது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். நாங்கள் அதை நினைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த மூன்று நாளை ஒருவரும் நினைக்கவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

எழுதுகிறேன். தடை போனது. அதன் இடத்தில்: உதவியாளரைத் தானே தெரிவு செய்யும் உரிமை, மாற்றும் உரிமை, எந்தச் செய்தியும் முதலில் தனக்கே வரும் உரிமை. மூன்றாவதை எந்தக் கட்டுரையிலும் நான் வாசித்ததில்லை. 12ஆம் இலக்கப் பேருந்தில் கேட்டது.

சோறு குழைந்துவிட்டது. குகன் குனிந்தபடி சாப்பிட்டார். அவருக்கும் சுட்டிருக்கிறது.

ஒக்டோபர் 20, திங்கள்

புதிய இயலைத் தண்டிவேக்கு அனுப்பினேன், மாமியின் கதையையும் சேர்த்து. இரண்டு மணிநேரத்தில் பதில், இரண்டு வரி: "இனி இதை நான் மேற்கோள் காட்டுவேன். இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன், அவரும் என்னைத் தெரிவு செய்யவில்லை."

ஒக்டோபர் 27, திங்கள்

ஒப்படைத்தேன். ஒரு பொத்தான். பத்து வருடம். ஹென்ரிக் கேக் வாங்கி வந்தார், வெட்டக் கத்தி இல்லை, அடிமட்டத்தால் வெட்டினோம்.

நேற்று குளிர்காலத்துக்காக மணியை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்பினார்கள். ஐந்து மணிக்கே இருட்டு.

ஒக்டோபர் 29, புதன்

வெயில். அபூர்வம்.

நான்கு மணிக்கு அழைப்பு மணி. மாமி. சொல்லாமல் கொள்ளாமல், பேருந்தில். நீலச் சேலை. பின்னால் கியர்ஸ்டின், கையில் பேக்கரிப் பெட்டி.

"குகன் வந்திட்டானோ? கூப்பிடு. இருங்கோ ரெண்டு பேரும்."

இருந்தோம்.  மாமியின் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கியர்ஸ்டினைப் பார்த்தேன், அவர் பெட்டியின் நூலை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார், மனுசி ஒரு சாடை காட்டவில்லை.

"என்னம்மா?" என்றார் குகன்.

"பொறு. முதல் தேத்தண்ணி."

போட்டேன். கொதிக்க இவ்வளவு நேரமா எடுக்கும்? மாமி ஒரு மிடறு குடித்தார். சீனி காணாது என்றார். போட்டேன். இன்னொரு மிடறு. பிறகு கோப்பையை வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் செய்தியைத் தானே சொன்னார்.

"எனக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது, அந்த ஆறு மாதச் சோதனை. ஒண்டுமில்லையாம். முந்தநாளே எனக்குத் தெரியும்."